கூண்டில் ஊதிய முகம்

மாயெபூர் தீவுக் கடைத்தெருவில் தொங்கும், எப்போதோ அழிந்துபோன டோடோ பறவையின் படங்களில் பாதி ஜெர்வே வரைந்தவை. முப்பது வருடமாகப் பலகைத் துண்டுகளில் அதே பறவையைத்தான் வரைந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அலகுக்கு மஞ்சள் பூசியவள் அவர் மனைவி சொலான்ஜ். ஒல்லிக்குச்சி, வாய் மட்டும் நீளம்.

“யோவ், இது பறவையா, பிள்ளைத்தாய்ச்சியா? இந்த வயித்தை வச்சுக்கிட்டு எப்படி நடந்துச்சாம்?”

“காட்டுல ஒல்லியாத்தான் இருந்திருக்கும். கப்பல்ல பிடிச்சுட்டுப் போனவன் கூண்டுல போட்டுத் தீனியா குடுத்தானாம். ஊதிப்போனதைப் பார்த்து ஒருத்தன் வரைஞ்சான். மத்தவனெல்லாம் அவனைப் பார்த்து வரைஞ்சான்.”

“அப்ப நீயாவது ஒல்லியா வரையேன்.”

“வரைஞ்சா டோடோன்னு எவன் நம்புவான்?”

சொலான்ஜ் சிறுநீரகம் கெட்டுச் செத்தாள். அதற்கு முந்தைய வருடப் புயலில் கடல் வீட்டுக்குள் புகுந்து, கல்யாணப் படம் முதல் அடையாள அட்டை வரை எல்லாவற்றையும் கூழாக்கியிருந்தது. அக்கம்பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் முகம் பதித்த தகடு இருக்க, இவளுடையது மட்டும் மொட்டையாக நின்றது.

“கல்லறைத் திருநாளுக்குள்ள அம்மா முகத்தை நீங்களே வரைஞ்சிடுங்கப்பா,” என்றாள் மகள் மிரேய். ஜெர்வேயும் வீறாப்பாகத் தலையாட்டினார். பார்க்காத பறவையையே ஆயிரக்கணக்கில் வரைந்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தார். திருநாள் காலையில் தகட்டை மகளிடம் நீட்டினார். வீங்கிய கன்னம், அதற்குள் புதைந்த கண், மடிப்பு விழுந்த கழுத்து.

“இது ஆஸ்பத்திரியில கிடந்த அம்மாப்பா,” என்றாள் மிரேய்.

“கண்ணை மூடினா இதுதாண்டி வருது. அதுக்கு முன்னாடி எப்படி இருந்தா? நீ சொல்லு. தாடை எப்படி? சொல்லச் சொல்ல வரையறேன்.”

மிரேய் வாயைத் திறந்தாள். அவளுக்கும் அந்தப் பழைய முகம் வரவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். முப்பது வருடம் பக்கத்திலேயே இருந்தவளை ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்து வரையவில்லை என்பது ஜெர்வேக்கு அப்போதுதான் உறைத்தது.

வேறு வழியில்லாமல் அந்தத் தகட்டையே கொண்டுபோய்க் கல்லறையில் திருகிப் பொருத்தினார். பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்த, ஊருக்குப் புதிய பெண்ணொருத்தி எட்டிப் பார்த்தாள்.

“உங்க வீட்டம்மாவா? நல்லா பூசினாப்பல, லட்சணமா இருந்திருக்காங்க.”

“ஆமாம்மா,” என்றார் ஜெர்வே. “எப்பவுமே அப்படித்தான் இருப்பா.”