மாட்டுக்கு வாங்கிய தக்காளி

துடியலூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் கடுகு தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அங்கே ஓர் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் குடியிருந்தார்கள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். வாசலுக்கு வந்துவிட்டால் என்னைவிட நல்ல கொங்குத் தமிழ். இரண்டு வீடும் வாடகை வீடு. இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் வெளியூரில்.

என் வீட்டுக்காரர் ஒற்றை லேத்தை வைத்துக்கொண்டு பம்புக்கு வேண்டிய உருப்படிகளைக் கடைந்து கொடுப்பவர். ஒரு வருஷம் ஆர்டர் குறைந்தது. அப்புறம் வாரக்கணக்கில் லேத் சும்மா நின்றது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "வாடகை கட்டி மாளாது புள்ள. சத்தியமங்கலத்துல உங்கப்பா ஊட்டு மாடி சும்மாதான கெடக்குது. அங்க போயிரலாம்."

எனக்குச் சுருக்கென்றது. சீர் செனத்தியோடு அனுப்பிவைத்த வீட்டுக்குப் பெட்டி படுக்கையோடு திரும்பிப் போய் நிற்பதா? அண்ணன் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது? "வாடகைய நீங்க பாருங்க, அடுப்ப நான் பாத்துக்கறேன். இந்த ஊட்ட உட்டுப்போட்டு நான் வாரதா இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே கைப்பேசியிலிருந்து, கூப்பிட்ட குரலுக்குச் சாமான் கொண்டுவரும் ஆப்பை அழித்தேன். அதுதான் முதல் திருடன். வேண்டியது ஒன்று, வாங்குவது நாலு. கொள்ளு வேகவைத்தால் தண்ணீர் ரசத்துக்கு, பருப்பு கடைசலுக்கு. பீர்க்கங்காய் வாங்கினால் தோல் துவையலாகிவிடும். காலையில் நொய்யரிசி உப்புமா. கேஸைப் பாதியில் அணைத்துவிட்டு மூடியை அழுத்தி மூடி, மீதியை அந்தச் சூட்டிலேயே வேகவிடுவேன். என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து பார்த்தால் கையில் ஒன்று வைப்பேன். மாதம் ஓடியது. எனக்கே என்மேல் ஒரு பெருமை.

அதில் மண்ணைப் போட வந்தது அக்காவின் எண்ணெய்க் கத்திரிக்காய். மூடி போட்ட தூக்குப்போசி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் போசியை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். ஆனால் நல்லெண்ணெய் மிதக்கிற கத்திரிக்காய்க்கு ஒரு கை சர்க்கரை போட்டால் என்ன நினைப்பார்? கடலைப்பருப்பு, வெல்லம், நெய் என்று இழுத்து போளி மாதிரி ஒப்புட்டு தட்டி அனுப்பினேன். நாலு நாள் கழித்து அதே போசியில் தேங்காய்ப்பால் குருமா வந்தது. நான் முறுக்குச் சுட்டேன். அவர் பணியாரம் அனுப்பினார். இங்கே ஒரு சொட்டு எண்ணெயைக் கணக்குப் பார்க்கிறேன், அங்கே போசியில் அண்டா அண்டாவாக ஊற்றுகிறேன். "இந்தக்காவுக்கு வேற வேலையே இல்லீங்களா" என்று அடுப்போடு சண்டை போடுவேன். ஒருநாள் வாசலில், "ஏனுங் அம்மணி, இருக்கறீங்களா?" என்ற குரல் கேட்டதும் குழாயை மூடிவிட்டு மூச்சு விடாமல் உள்ளே நின்றிருக்கிறேன்.

அந்த வாரம் தக்காளி விலை ஏறிக் கிடந்தது. பொழுது சாயக் கடை கட்டுகிற நேரத்துக்குச் சந்தைக்குப் போனேன். நசுங்கினதை எல்லாம் கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடுவார்கள். குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரே இன்னொரு கை பொறுக்கிக்கொண்டிருந்தது. வளையலைப் பார்த்து நிமிர்ந்தால், அக்கா.

பையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "மாட்டுக்குப் போடலாம்னு வாங்குனனுங்க" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "நானும் மாட்டுக்குத்தானுங்க" என்றேன்.

இரண்டு வீட்டிலும் ஒரு கோழிகூடக் கிடையாது. கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் அடங்கவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர், துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லில் அவரையும் நிறுத்திவிட்டார்களாம். நாலு மாதமாக அவர்களும் எங்களைப் போலத்தான்.

"அப்புறம் எதுக்குங்கக்கா அந்தக் கத்திரிக்காய்?"

"பொங்கலுக்கு நீங்க நெய் ஒழுகப் பொங்கல் குடுத்தீங்கல்ல? வாங்கித் தின்னுபோட்டு எத்தன நாளைக்குக் கண்ணு சும்மா இருக்கறது? ஒப்புட்டு வந்ததும் எனக்குப் பக்குனு ஆயிருச்சு. மசாலா ஆட்டறப்பல்லாம் உங்களத்தான் வைஞ்சுக்கிட்டே ஆட்டுவேன்."

"நானும்தானுங்க" என்றேன்.

மறுநாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. ஒருநாள் அவர் வீட்டில், ஒருநாள் எங்கள் வீட்டில். பெரும்பாலும் அரிசியும் பருப்பும் சாதம்தான். சின்ன வெங்காயம் நிறையப் போட்டு, பூண்டு தட்டிப் போட்டு, குழையக் குழைய அக்கா இறக்குவார். மேலே கரண்டி நெய்க்குப் பதில் கடலை எண்ணெய் சில சொட்டு. ஆண்கள் இருவரும் வேலை இல்லாத கதையைப் பேசாமல் கிரிக்கெட் பேசுவார்கள். நசுங்கின தக்காளியில் அக்கா வைத்த ரசத்தை என் வீட்டுக்காரர் டம்ளரில் வாங்கிக் குடிப்பார். எத்தனையோ விருந்து சாப்பிட்டாயிற்று. அந்த மாதங்களின் ருசி எனக்கு மறுபடி எங்கேயும் கிடைக்கவில்லை. வறுமையை யாராவது ஆசைப்பட்டு நினைப்பார்களா? நான் நினைக்கிறேன்.

ஆடி கழிந்ததும் என் வீட்டுக்காரருக்கு ஆர்டர் வந்தது. லேத் இரண்டு ஷிப்ட் ஓடியது. சத்தியமங்கலப் பேச்சு அதோடு நின்றது. அக்கா வீட்டுக்காரருக்கு எதுவும் அமையவில்லை. இந்த வயதில் யார் புதிதாக வைத்துக்கொள்வார்கள்? வீட்டைக் காலி செய்துகொண்டு ஆனைமலையில் வீட்டுக்காரரின் தம்பி வீட்டுக்கே போவதென்று முடிவாயிற்று. வாடகையில் பாதியை நாங்கள் கொடுக்கிறோம் என்று என் வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார். அக்கா காதைப் பொத்திக்கொண்டார்.

சாமான் ஏற்றிய அன்று அவர்கள் அடுப்பும் வண்டியில் ஏறிவிட்டதால், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கறிக்குழம்பு வைத்திருந்தேன். கொழுந்தன் பெண்டாட்டியின் சமையலறையில் இனி அக்கா எதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கும். எந்த மாதிரிப் படியில் போய் நிற்கக் கூடாதென்று நான் அத்தனை பாடுபட்டேனோ, அந்த மாதிரிப் படியில்தான் அக்கா போய் நிற்கப்போகிறார். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்தார்.

"வெய்யிங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று பிடுங்கப் போனேன்.

அவர் தட்டை விடவில்லை. "கழுவிக்கறேன் கண்ணு" என்றார். "இனிமேலு இன்னொருத்தர் ஊட்டுல இருக்கப்போறன்ல, இப்பருந்தே பழகிக்கறேன்."