இரவல் கோட்டும் என் கறுத்த விரல்களும்

படம் பிடிக்கிறவனுடைய தொழில், மற்றவர்களை ஆடாமல் நிற்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கை மலைநாட்டுக் கொட்டகலைக் கடைவீதியில், ரொட்டிக் கடைக்கு மேலே ஓர் அறையில் நான் ஸ்டூடியோ நடத்தினேன். எங்கள் குடும்பத்துக்கு அட்டனில் ஜவுளிக் கடை. அண்ணன்மார் இருவரும் மீசை முளைத்ததும் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கும் அங்கே மெத்தை போட்டு வைத்திருந்தார்கள். நான் மட்டும் எவனோ ஒரு வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன பழைய காமிராவைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். அதற்கப்புறம் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். வீட்டுத் தொழிலை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டு முழித்தவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் புலம்பிவிட்டுப் போகிறேன்.

ஸ்டூடியோ கோட்டு

ஸ்டூடியோவில் ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கும். படம் எடுக்க வருகிற ஆண்கள் எல்லோரும் அதைத்தான் மாட்டிக்கொள்வார்கள். தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவரானாலும் கடைச் சிப்பந்தியானாலும், இந்தியாவுக்குப் போகிற படத்தில் கோட்டுப் போட்டிருக்க வேண்டும். ஓடாத கைக்கடிகாரம் ஒன்றும் உண்டு. பின்னால் தொங்கும் திரையில் அரண்மனைப் படிக்கட்டும் அன்னம் நீந்துகிற குளமும் எழுதியிருக்கும். கோட்டுத் தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் இழுத்து ஊசி குத்திவிடுவேன். படத்தில் முதுகு தெரியாது. கோட்டின் மேல்பொத்தான் மட்டும் வெள்ளை. பழைய பொத்தான் எங்கேயோ விழுந்துவிட்டதால் கையில் கிடைத்ததைத் தைத்து வைத்திருந்தேன்.

டயகமத் தோட்டத்துக் கருப்பையா பெண் பார்க்கத் துறையூர்ப் பக்கம் படம் அனுப்பியிருந்தார். படத்தைக் கொண்டுபோன தரகர் அதே வீட்டுக்கு இன்னும் இரண்டு மாப்பிள்ளைகளின் படத்தையும் கொண்டுபோயிருக்கிறார். ஒருவர் கொத்மலை, ஒருவர் இங்கே பக்கத்துத் தோட்டம். பெண்ணைப் பெற்றவர் மூன்று படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். மூன்று பேர் நெஞ்சிலும் அதே வெள்ளைப் பொத்தான். சம்பந்தம் முறிந்துபோய் வந்த கருப்பையா என்னைத் திட்டித் தீர்ப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த படங்களை நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கழுத்துக்கு மேலே ஆளுக்கொரு முகம், கழுத்துக்குக் கீழே எல்லோரும் ஒரே ஆள். அதைச் செய்தவன் நான். கருப்பையா கோபப்படவே இல்லை. ஆணியில் தொங்கிய கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ள யாரா இருந்தாலும் சரி, அந்தக் கோட்டு கூட வரணும்னு சொல்லிட்டாங்க தம்பி."

எந்தப் பந்தி

படம் கழுவுகிற மருந்துத் தண்ணீரில் முக்கி முக்கி என் விரல் நுனிகள் கறுத்துப்போயிருந்தன. புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. கடைவீதியில் சில்லறை வாங்கும்போது கூட என் கையைத் தொடாமல் மேலேயிருந்து போடுகிறவர்கள் இருந்தார்கள். அந்த விரல்களோடுதான் மாரியம்மன் கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்குப் போனேன்.

அங்கே பந்தி பிரித்துத்தான் போடுவார்கள். முதலில் கடைக்கார முதலாளிமார், அப்புறம் தோட்டத்துக் கிளாக்கர், கண்டாக்கு போன்ற உத்தியோகத்தர், அதற்கப்புறம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளிச் சனங்கள். முதல் பந்தியில் உட்காரப் போனேன். அட்டனில்தானே உங்களுக்குக் கடை, இங்கே இல்லையே என்று பக்கத்து இலைக்காரர் மெதுவாகச் சொன்னார். இரண்டாவது பந்தியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் தள்ளி உட்கார்ந்து இடம் விடவும் இல்லை. மூன்றாவதில் போய் நின்றதும், ஐயா இங்கேயா என்று அவர்கள் எழுந்தே விட்டார்கள். பசியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. கடைசியில் சமையல்காரர் என்னைக் கூப்பிட்டு, அண்டாவுக்குப் பக்கத்தில் ஓர் இலையைப் போட்டார். "படம் புடிக்கிறவங்களுக்குன்னு தனிப் பந்தி இல்லீங்க, கரண்டி புடிக்கிறவங்களோட ஒக்காருங்க" என்றார்.

பேச்சியம்மாவின் மூக்கு

பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பேச்சியம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் கூடையோடு ஏறி வந்தார். இந்தியாவில் இருக்கிற ஆத்தாவுக்கு அனுப்பப் படம் வேண்டும் என்றார். இடுப்பில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கட்டுகிற சாக்குப் படங்கு, தலையில் கூடைக் கயிறு. பெண்களுக்கென்று ஸ்டூடியோவில் ஒரு சரிகைச் சேலை வைத்திருந்தேன். அதை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்றார். திரையைக் கழற்றச் சொன்னார். இந்தக் கோலத்தில் படம் போனால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தொழில் தெரிந்தவன் பேச்சைக் கேட்கிறவர் அவர் இல்லை. "எங்காத்தா பாக்க ஆசப்படறது என்னயத்தாங்க, ஒங்க சீலய இல்ல" என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்த வெறும் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

அவரை ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். படம் வாங்க வந்த அன்று ஒரு பாடு சண்டை பிடித்தார். கூடை கோணலாக இருக்கிறதாம், கண் ஒன்று சிறுத்திருக்கிறதாம், மூக்கை நான்தான் வேண்டுமென்று பெரிதாக்கிவிட்டேனாம். இன்னொரு முறை எடுக்கலாம், சேலையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டார். "மூக்கு எங்கப்பன் மூக்குதாங்க, அத விட்டுட்டு எங்க போறது."

அண்ணன் வந்தது

மழைக் காலத்தில் கொட்டகலையில் வெளிச்சமே இருக்காது. பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். வேறு வாடிக்கைக்காரர் வரமாட்டார்கள். பொழுது விடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் ரொட்டி வாங்கப் போகும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்ட நாட்கள் உண்டு. அப்படி ஒரு நாளில்தான் பெரியண்ணன் வந்தார்.

அவர் நல்லவர். என் மண்ணெண்ணெய் அடுப்பையும் ஒற்றைத் தட்டையும் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், கண்டியிலிருந்து படம் எடுக்க ஆள் வருகிறார் என்றார். வீட்டில் ஒரு படக்காரன் இருக்கும்போதே. அப்புறம் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சாம்பல் நிறக் கோட்டை எடுத்தார். ஒரே பீஸ் துணியில் மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் தைத்ததாம். அதைப் போட்டுக்கொண்டு நான் வரிசையில் நிற்க வேண்டும். தை பிறந்ததும் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுக் கடைக்கு வந்துவிட வேண்டும். அப்பா பழசையெல்லாம் மறந்துவிடுவார். மாட்டிப் பார்த்தேன். முதுகில் ஊசி குத்த வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் என் அளவு அவருக்கு ஞாபகம் இருந்தது. அழுகை வந்துவிடும் போலிருந்ததால் காமிராவைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். படியிறங்கும்போது அண்ணன் சொன்னார்: "படம் எடுக்க வராதப்பா. படத்துல நிக்க வா."

ஓரத்தில் நின்றவர்

அறுபதாம் கல்யாணத்தன்று காலையில் அண்ணன் தந்த கோட்டைப் போட்டுக்கொண்டு, வாடிக்கைக்காரர்கள் தலை சீவுகிற கண்ணாடியில் பார்த்தேன். என் சுவரில் மாட்டியிருக்கிற ஆட்களில் இன்னொருவர் அங்கே நின்றார். கழற்றிவிட்டேன். வழக்கமான காக்கிச் சட்டையோடு, காமிராவும் இல்லாமல் அட்டனுக்குப் போனேன். அப்பாவின் காலில் விழுந்தேன். திருநீறு பூசிவிட்டார், பேசவில்லை. கோட்டு எங்கே என்று அண்ணன் கேட்டார். கடைக்கு நான் வரப்போவதில்லை, அதனால் போட்டுக்கொள்ளவில்லை என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

முற்றத்தில் அப்பாவும் அம்மாவும் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பின்னால் அண்ணன்மார் சாம்பல் நிறக் கோட்டில், அவர்களுக்குப் பக்கத்தில் அக்காமாரைக் கட்டிய மாப்பிள்ளைமார். ஓரத்தில் காக்கிச் சட்டையோடு நான். கண்டிக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, ஓரத்தில் நிற்கிற ஐயா கொஞ்சம் விலகிக்கொண்டால் படம் ஒரே சீராக இருக்கும் என்றார். அவர் பேரில் தப்பில்லை, நானும் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். யாராவது இருக்கட்டும் என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா என் விரல்களைப் பார்த்தார், அப்புறம் காமிராவைப் பார்த்தார். விலகினேன். வலித்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வலித்தது.

விலகி வந்த இடம் காமிராவுக்குப் பக்கம். வெயில் நேராக அதன் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. அப்படி எடுத்தால் முகமெல்லாம் வெளுத்துவிடும். கை பழக்கத்தில் தானாக அங்கே கிடந்த குடையை விரித்து நிழல் பிடித்தேன். படம் முடிகிறவரை பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் கண்டிக்காரர் என் விரல் நுனிகளைக் கவனித்தார். அவருடைய விரல்களும் கறுப்புத்தான். "நீங்க நம்ம ஆளா? மொதல்லயே சொல்லியிருந்தா ஒங்கள அந்தப் பக்கம் நிக்கவே விட்டிருக்க மாட்டேனே" என்றார்.

இரண்டாவது கோட்டு

அண்ணன் கொடுத்த கோட்டைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. சுவரில் இன்னொரு ஆணி அடித்து அதையும் மாட்டினேன். மாப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இனிமேல் ஒரே வீட்டுக்கு மூன்று படம் போனாலும் கறுப்பும் சாம்பலும் கலந்து போகும். யாராவது சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் நிற்கும்போது எனக்குக் கறுப்புத் துணிக்குள் சற்று அதிக நேரம் வேலை இருக்கும்.

ஒரு மூட்ட நாளில் பேச்சியம்மா வந்தார். படம் ஊர் போய்ச் சேர்ந்து, ஆத்தா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பினாளாம். இப்போது சின்னம்மா ஒன்று கேட்கிறாளாம். பிரதி போட்டுத் தருகிறேன், அதற்கு முன்னால் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள் என்றேன். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் படம் எடுத்ததில்லை. காமிராவை நிறுத்திச் சரிபார்த்துவிட்டு, காமிராக் கண்ணாடியின் முன்மூடியை எப்போது எடுப்பது, எப்போது போடுவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். திரையைச் சுருட்டிவிட்டு வெறும் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். கறுத்த விரல்கள் தெரியும்படி கையை முன்னால் வைத்துக்கொண்டேன். கோட்டுப் போடவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். உடனே அவர் என் குரலிலேயே, கண்ணைக் கொட்டாதீங்க, ஆடாதீங்க, மூச்சை விடாதீங்க என்று அதட்ட ஆரம்பித்தார். மூடியைப் போட மறந்துவிட்டார். அது திறந்தே இருக்க, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தைக் கழுவிக் காட்டியபோது நிதானமாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "மூக்கு பரவால்லீங்க. ஆளுதான் ஆடிப்போயிட்டீங்க."

வீட்டிலிருந்து இதுவரை யாரும் ஒரு பிரதி கேட்காத, பேச்சியம்மா எடுத்த அந்தப் படத்தில், ஆடியிருந்தாலும் நிற்கிறவன் நான்தான் என்பதைப் பார்த்ததும் சொல்லிவிடலாம்.