லூர்தம்மாள் சொன்ன லஞ்ச்

ஈரப் பிரம்பு காற்றைக் கீறும் ஓசையோடுதான் ‘லஞ்ச்’ என்ற சொல் இன்றும் என் காதில் நுழைகிறது. கொல்லம் 1129 ஆடி, ஆங்கிலக் கணக்கில் 1954. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். இராஜாக்கமங்கலத்துக்கு வடக்கே எங்கள் பள்ளி. மதிய மணி அடித்து வகுப்பு கூடியதும், ‘இங்கிலீஷ் சார்’ பிரம்பைப் பானைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, மதியம் தின்றதை ஒவ்வொருவரும் எழுந்து ஒரே வாக்கியத்தில் சொல்ல வைப்பார். ‘ஃபார் லஞ்ச் ஐ ஹேட்’ என்று தொடங்கி, ஒரு சோறும் ஒரு கறியும் வந்து முடிய வேண்டும், முடியாவிட்டால் அடி.

எங்கள் வீடுகளில் வேளைக்கொரு பெயர் கிடையாது. எல்லா வேளையும் ‘கஞ்சி’தான். மரச்சீனிக் கிழங்கு தின்றவர்கள் ‘ரைஸ்’ என்றார்கள். ஒன்றும் தின்னாதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் சோற்றைத் தங்களுடையதாகச் சொன்னார்கள். ‘வயித்த வீட்டுல வச்சிட்டுப் போணும்’ என்பார் என் அம்மா, பசி வெளியே தெரியக் கூடாதாம்.

என் பக்கத்தில் இருந்த லூர்தம்மாளின் அப்பா கட்டுமரக்காரர். ஆடிக் கடலில் இறங்க முடியாமல் மூன்று வாரமாக மரம் கரையில் கிடந்தது. தினமும் என் வீட்டுக் கறியை நான்தான் அவள் காதில் ஓதுவேன். அன்று அவள் தலையாட்டி மறுத்தாள். ‘உனக்க சோத்த நான் தின்னல்ல ஏட்டி. சொல்ல வாய் கூசுது.’

எழுந்து, ‘ஃபார் லஞ்ச் ஐ ஹேட் வாட்டர்’ என்றாள்.

வகுப்பு சிரித்தது. ‘தண்ணி குடிச்சா லஞ்சாட்டி? சாரக் களியாக்குதியா?’ என்று விரல் முட்டியில் இரண்டு போட்டவர், என் பக்கம் திரும்பினார். ‘நீ சொல்லு, இவ என்ன தின்னா?’

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, எங்கள் வீட்டு மீன் கறியையே அவளுடையதாக்கி, ‘சோறும் சாளக் கறியும், சார்’ என்றேன்.

கேலிக்கென்று விழுந்த அடி, அதன்பின் பொய்க்கென்று விழுந்தது. முதுகில், பிடரியில், கணுக்காலில். ஒவ்வோர் அடிக்கும் அவள் ‘வாட்டர், சார்’ என்றாள். நுனி பிளந்த பிரம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் உருவி இழுக்க, உள்ளங்கை கிழிந்து ரத்தம் என் நோட்டில் சொட்டியது. அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, ‘நான் எப்பம் தின்னேன் ஏட்டி?’ என்றாள்.

மறுநாள் அவள் வரவில்லை. பிறகும் வரவில்லை.

அந்த ஓட்டுக் கட்டடம் இன்று இல்லை, பிரம்பும் இல்லை, பள்ளியிலேயே மதியம் சூடாகச் சோறு போடுகிறார்கள். சென்னையிலிருந்து மகன் தினமும் போனில் ‘லஞ்ச் என்னம்மா?’ என்று கேட்கிறான். உள்ளது உள்ளபடி சொல்கிறேன். சாளைக் கறி வைத்த நாளில் மட்டும் வேறெதையாவது சொல்லிவிடுகிறேன்.