ஏழாவது அறையின் படம்

அவளைக் கண்டாலே எனக்கு வயிறெரியும். இத்தனை வருஷம் கழித்தும் எரிகிறது. அதனால் நாசூக்காகச் சொல்லப் போவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ஏற்காட்டில், ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் மேலே, ஆறே அறைகள் கொண்ட ஒரு லாட்ஜில் எனக்கு ரிசப்ஷன் வேலை. நான் சேலத்துக்காரி, கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள். முதலாளி என்னை ‘டிப்ளமோ’ என்றுதான் கூப்பிடுவார். அவள் மாரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அறைகளைக் கவனித்துக்கொள்பவள். பத்தாவதோடு நிறுத்தியவள். அவள் மட்டும் அவருக்குக் ‘கண்ணு’. போன மாசம் வந்தவர் காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றது கூட அவளுக்கு நினைவிருக்கும். எனக்கு வந்தவரின் முகமே நினைவிருக்காது.

அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன் வெந்நீர் என் பொறுப்பு. காலையில் வெந்நீர் வேண்டுமென்று முந்தின சாயங்காலமே சொல்லிவிடுவார்கள். ஐந்து, ஐந்தரை, ஆறு என்று நேரம் எழுதிய அட்டைகள் இருந்தன. கேட்ட நேரத்து அட்டையைப் பின்கட்டு பாய்லர் பக்கத்தில் மாட்டிவிட்டு, அங்கிருந்த சின்னப் பலகையில் அறை எண்ணைச் சாக்பீஸால் எழுதுவேன். சீசன் இல்லாத நாளில் ஓர் அறைதான் நிரம்பும், தகராறு வராது. ஒரு பொங்கல் விடுமுறையில் ஆறும் நிரம்பின. ஒவ்வொருவர் கேட்கும்போதும் பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதினேன்; கடைசியில் பலகையில் நின்றது ஆறு. விடிந்ததும் பாய்லர்காரர் ஒவ்வொரு அட்டையின் நேரத்துக்கும் பலகையைப் பார்த்து, ஆறு வாளியையும் ஆறாம் நம்பர் அறைக்கே தூக்கிப்போனார். அங்கே இருந்தது புதுமணத் தம்பதி. மாப்பிள்ளை ஆறு தடவை கதவைத் திறந்தார்.

அதன்பிறகுதான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அவள் அட்டைகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, காகிதத்தைக் கிழித்து ஒரே சீட்டில் நேரத்தையும் அறை எண்ணையும் எழுதினாள். இதற்கு என்ன பெரிய மூளை வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில் முதலாளி உள்ளறையில் ஒரு கம்ப்யூட்டரும் அதற்கு ஒரு சுழல் நாற்காலியும் வாங்கிப் போட்டார். லாட்ஜுக்கு இணையத்தில் ஒரு பக்கம் வேண்டும் என்று அவருக்கு ஆசை. பட்டனை அழுத்தினால் இரண்டு விநாடிக்கு ஒன்றாக ஆறு அறைகளின் படமும் மாறி மாறி வர வேண்டும்.

“டிப்ளமோ, மே சீசனுக்குள்ள இது ஓடோணும். ஓடுச்சுன்னா அந்த நாற்காலி உனக்கு, ரிசப்ஷனுக்கு வேற ஆளு. ஓடலீன்னா சேலத்துல இருந்து ஆளக் கூட்டியாந்துருவேன்,” என்றார்.

அந்தச் சுழல் நாற்காலிக்காக நான் உயிரையே விட்டேன். அறை எண்ணை ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு, ‘இரண்டு விநாடி கழித்து இந்த எண்ணின் படத்தைக் காட்டு’, ‘நான்கு விநாடி கழித்து இந்த எண்ணின் படத்தைக் காட்டு’ என்று ஆறு கட்டளைகள் போட்டேன். ஓட்டினால், ஆறு தடவையும் ஏழாவது அறையின் படத்தைத் தேடியது. எங்களிடம் ஏழாவது அறையே கிடையாது. வெறும் கட்டம்தான் வந்தது. எண்ணை நிரலின் ஒரு பகுதிக்கு உள்ளேயே அடைத்துப் பார்த்தேன். அந்த எண்ணுக்கு நான் வைத்த பெயரே தெரியாது என்று கம்ப்யூட்டர் கைவிரித்தது. நாலு நாள் இதே கதை, வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள் அவள் பெட்ஷீட்டுகளோடு உள்ளே வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

“ஏனுங்க்கா, ரெண்டு செகண்டு கழிச்சு அது எந்த ரூமுன்னு எங்க போயிப் பாக்குமுங்க?”

“எண்ணுலதான் பாக்கும். உனக்கெதுக்கு அதெல்லாம்?”

“அது பாக்கறப்போ எண்ணு ஏறி முடிஞ்சிருக்குமுல்லீங்க? நம்ம பலகையாட்ட. நம்பரச் சீட்டுலயே எழுதிக் குடுத்துட்டா?”

அவள் சொன்னது சரி. நான் அனுப்பிய கட்டளையில் எண்ணின் பெயர்தான் இருந்தது, எண் இல்லை. நேரம் வந்து அது விழித்துப் பார்க்கும்போது, எண் ஆறைத் தாண்டி ஏழில் போய் நின்றிருந்தது.

“மூணாம் நம்பர்ல துண்டு கேட்டாங்க, போ,” என்று அவளை விரட்டினேன். அவள் தலை மறைந்ததும், கட்டளையின் வாசகத்தை நடுவில் வெட்டி, அந்தந்த எண்ணை அப்போதே அதற்குள் ஒட்டிவிட்டேன். பட்டனை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு அறைகளும் வரிசையாக வந்தன. சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு அழுகைதான் வந்தது.

அன்று சாயங்காலம் முதலாளி வந்து பார்த்தார். ஆறு படத்தையும் இரண்டு தடவை ஓட்டச் சொன்னார்.

“யாரு சரி பண்ணுனது?”

அவள் சாவிக்கொத்தோடு வாசலில்தான் நின்றாள்.

“நாந்தாங்க,” என்றேன்.

“எப்படி பண்ணுனே, எனக்குப் புரியறாப்புல சொல்லு.”

நான் படித்த டிப்ளமோவை எல்லாம் கொட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். அவள் பாவம், எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

“வெந்நீருச் சீட்டு மாதிரிதானுங்க. அக்கா நம்பரச் சீட்டுலயே எழுதிட்டாங்க. முன்னாடி பலகையப் பாத்துட்டுப் போச்சுங்க, அதான் தப்பாயிருச்சு.”

முதலாளிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. திட்டக்கூட இல்லை.

“கண்ணு, நாளைக்கு நீ இந்த நாற்காலில உக்காரு. இதைக் கத்துக்கோ. டிப்ளமோ, நீ அந்த வெந்நீருச் சீட்டப் பாத்துக்கம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் நான்காம் அறைக்காரர் ஐந்தரைக்கு வெந்நீர் கேட்டார். மனசெல்லாம் உள்ளறையில் அந்த நாற்காலி சுழலும் சத்தத்திலேயே இருந்தது. சீட்டை எழுதிப் பாய்லர் ஆணியில் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பியவள், பின்கட்டு வழியாகச் சுற்றிவந்து அந்தச் சீட்டை என் மேசைமேல் வைத்தாள்.

“ரூம் நம்பர் உட்டுப்போச்சுங்க்கா,” என்றாள்.

சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.