அப்பச்சி எழுதாத உயில்

அன்று நீதிமன்றத்தில் இருந்தவர்கள்: பெரிய முதலாளியின் மகள், அவர் கணவர், பெரிய முதலாளி பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்தெடுத்த, மகன், இரு தரப்பு வழக்கறிஞர்கள், சாட்சிக் கூண்டில் நான். இல்லாதவர்கள்: பெரிய முதலாளி, அவர் மனைவி, பிள்ளை கூட்டிய தாளில் கையெழுத்துப் போட்ட பங்காளிகள் ஐந்து பேர். அந்த ஏழு பேரும் இறந்து போயிருந்தார்கள். பங்காளிகளில் ஒருவராவது உயிரோடிருந்து வந்து சொன்னால் தேவலை என்று மகன் தரப்பில் வாதாடிய எங்கள் வழக்கறிஞர் அன்று காலையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் மிச்சமிருந்த சாட்சி நான் ஒருவன்தான்.

பெரிய முதலாளியின் முப்பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்து, ஈயச் சுரங்கக்காரர்களுக்கும் பிறகு ரப்பர் தோட்டக்காரர்களுக்கும் கடன் கொடுத்துப் பெருகியவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் செல்வத்தில் மிஞ்சியிருந்தது கிள்ளானில் ஒரே ஒரு கடைவீடு. கீழே வட்டிக்கடை, மேலே குடும்பம். என் அப்பா சாலாக் செலாத்தானில் லோரி ஓட்டினார். எங்கள் வீட்டில் ஐந்தாம் படிவத்தை, பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்பை, தாண்டியவன் நான்தான். டிப்ளோமா முடித்த கையோடு அந்தக் கடையில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தது. தினமும் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் மாறிக் கிள்ளானுக்குப் போவேன். நான்கு வருடம் போனேன்.

கடன் கேட்டு வருகிறவர்களிடம் பெரிய முதலாளி சம்பளச் சீட்டைப் பிறகுதான் கேட்பார். முதலில் பக்கத்து மேசையைக் காட்டி, "இவன் என் மகன்" என்பார். இருபது வருடமாக வந்துபோகிறவர்களிடமும் அதையே சொல்வார். மீன் விற்கும் ஒரு சீன ஆன்டி சலித்துப்போய், "தெரியும் லா தவுக்கே, போன மாசமும் இதே மகன்தான்" என்றாள். தவுக்கே என்றால் முதலாளி. கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னார்.

அந்த மகனை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பதினோரு வயதில் காரைக்குடிப் பக்கமிருந்து வந்தவர். செட்டியார்களில் ஆண்பிள்ளை இல்லாத வீடு, தன் கோயில் பிரிவைச் சேர்ந்த இன்னொரு வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக்கொள்ளும். கோயிலிலிருந்து மாலை வரும், பங்காளிகள் கையெழுத்துப் போடுவார்கள். அதோடு பெற்ற வீட்டில் அவனுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. அண்ணனுக்கு இத்தனையும் முறைப்படி நடந்தது. அவருக்குக் கல்யாணமானதும் இந்த வீட்டுப் பிள்ளையாகவே கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம் என்று, ஏறியது. இந்த நாட்டுப் பதிவு அலுவலகத்துக்கு மட்டும் யாரும் போகவில்லை. அவருடைய அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி', இன்னாரின் மகன், என்பதற்குப் பின்னால் பெற்றவர் பெயரே கடைசிவரை இருந்தது.

அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று எனக்கு ஓரளவு தெரிந்தது. நாலெழுத்துப் படித்தவன் சும்மா இருக்கலாமா என்று ஓர் உயில் படிவத்தை நிரப்பிக்கொண்டு போனேன். பெரிய முதலாளி கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். மடித்து என்னிடமே நீட்டினார்.

"புள்ள இல்லாதவன் எழுதுறது தம்பி இது. எனக்குத்தான் புள்ள இருக்கானே."

அடுத்த வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து போனது. மறுபடியும் கொண்டுபோனேன். இம்முறை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இதில் கையெழுத்துப் போட்டால் ஊரார் முன்னால் கூட்டிய பிள்ளையை நானே இல்லையென்று சொன்னது போலாகும் என்றார். பிறகு யாருக்கோ ரசீது எழுதச் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. அவரை மீறிப் பேச எனக்குத் துணிவில்லை.

அவர் இறந்தபோது அண்ணன் மொட்டையடித்துக் கொள்ளி வைத்தார். அதை யாரும் தடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகே பேச்சு வந்தது. பெரிய முதலாளியின் மகளை அண்ணன் ஆச்சி என்பார். அவர்கள் வீடுகளில் அக்காளுக்கு அதுதான் சொல். ஆச்சி இருந்தது செமினியில். கணவருக்கு வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. கெட்டவர் என்று ஆச்சியை என்னால் எழுத முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எங்களை வரச்சொல்லி, கடைவீட்டை விற்றுப் பாதி தருகிறேன் என்று அவராகவே சொன்னார். ஆனால் ஒப்பந்தத் தாளில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் 'குடும்ப நண்பர்' என்றும், அந்தப் பாதி அன்பளிப்பு என்றும் அடித்திருந்தார்கள்.

"கொள்ளி வச்சது நீதான் தம்பி, நான் இல்லேங்கல. ஆனா லாயர் இப்பிடித்தான் எழுத முடியுங்கிறாரு" என்றார் ஆச்சி.

"பாதி வேணாம் ஆச்சி. முழுசும் நீங்களே வச்சுக்கங்க. மகன்னு மட்டும் எழுதச் சொல்லுங்க."

அப்படி எழுதினால் மகன் என்ற உரிமை நாளைக்குக் கோர்ட்டுக்கு வரும் என்று ஆச்சியின் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. படியிறங்கும்போது அண்ணன் என்னிடம், "நீ படிச்சவன், சொல்லு. கையெழுத்துப் போடவா வேணாமா?" என்று கேட்டார். "போடாதீங்கண்ணே. சட்டம் உங்க பக்கம்தான்" என்றேன். எந்தச் சட்டம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அண்ணன் கையெழுத்துப் போடாததால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. கூண்டில் நின்று, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் முதலாளி அண்ணனை மகன் என்று சொன்னதைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கக்கூடாது என்று உயில் கதையையும் சொன்னேன். அவர் ஏன் மறுத்தார் என்பதைவிட நல்ல சாட்சி வேறில்லை என்று நம்பினேன். ஆச்சியின் வழக்கறிஞர் எழுந்து மிகவும் மரியாதையாகக் கேட்டார். இவர் பெயருக்குச் சொத்தை எழுதும் வாய்ப்பு இறந்தவருக்கு இரண்டு முறை கிடைத்தது, இல்லையா? ஆமாம் என்றேன். இரண்டு முறையும் அவர் மறுத்தார், இல்லையா? அது அப்படியில்லை என்று ஆரம்பித்தேன். ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள்.

"ஆமாம்."

பிள்ளை இருக்கிறான் என்பதற்காக ஒரு மனிதர் எழுதாமல் விட்டது, பிள்ளைக்குக் கொடுக்க விரும்பாமல் விட்டதாகப் பதிவானது. தீர்ப்பில் என்னுடைய அந்த ஒரு சொல்லை எடுத்துக் காட்டியிருந்தார்கள். பதிவில்லாத சுவீகாரத்தை ஏற்க முடியாது என்றும் இருந்தது. அண்ணனைக் குறிக்குமிடத்திலெல்லாம் பெற்றவர் பெயரோடுதான் எழுதியிருந்தார்கள்.

தீர்ப்பு நாளில் வெளியே வராந்தாவில் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீ பொய் சொல்லியிருந்தா அப்பச்சி கோவிச்சிருப்பாரு லா" என்றார். தகப்பனை அவர்கள் அப்பச்சி என்பார்கள். அதன்பிறகு அவர் என்னிடம் பேசியது குறைவு. அவரைப் பெற்றவர்களின் காரைக்குடி வீட்டை அவர் உடன்பிறந்தவர்கள் எப்போதோ பாகம் பிரித்துக்கொண்டாயிற்று. இப்போது கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு துணிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். ஒருமுறை போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர் அவரிடம், "அண்ணே, ஒங்கப்பா என்ன பண்ணாரு?" என்று கேட்டார். அண்ணன் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆச்சிக்கும் இதில் லாபமில்லை. வழக்கு நடந்த மூன்று வருடத்தில் கணவர் இறந்துவிட்டார். கடைவீடு விற்ற பணத்தில் முதலில் கட்டியது வழக்கறிஞர்களுக்குத்தான். தோற்றவர் கட்டவேண்டிய செலவை அண்ணன் மனைவியின் நகையை விற்றுக் கட்டினார். இரண்டு பக்கத்து ரசீதுகளையும் கூட்டிப் பார்த்தவன் நான்தான். யார் மகன் என்று கேட்டதற்கு அந்தக் குடும்பத்துக்கு ஆன செலவு இரண்டு லட்சத்துப் பதினான்காயிரத்து அறுநூறு ரிங்கிட்.