நாற்பதில் வரும் சத்தம்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிள் கை மாறி வந்ததுதான். அம்மாவின் தம்பி, சிதம்பரத்தில் இருந்த என் மாமா, அங்கே தெரிந்தவரிடம் பார்த்து முடித்து, கடலூர் ஓ.டி. என்னும் பழைய டவுனில் இருந்த எங்கள் வாசல் வரைக்கும் தானே ஓட்டி வந்து நிறுத்தினார். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது என்று சத்தியமே செய்தார்.

டேங்கில் பழைய சொந்தக்காரரின் மகள் பெயர் இருந்தது. ஊரான் வீட்டுப் பெண்ணைச் சுமந்துகொண்டு திரிய முடியாது என்று அப்பா மறுநாளே பெயிண்டரிடம் போய், டேங்கைக் கழற்ற வைத்து, என் பெயரை எழுதி வாங்கி வந்தார். நான் மூன்றாம் வகுப்பு. தெருவே என்னைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி வேலைக்குப் போன அப்பா முகம் சுண்டித் திரும்பினார். வேகம் நாற்பதைத் தொட்டால் எங்கிருந்தோ டொக்கு டொக்கென்று சத்தம். கம்பெனியில் ஒருவர் டேப்பெட் என்றார், ஒருவர் டைமிங் செயின் என்றார், வண்டியே இல்லாத ஒருவர் பிஸ்டன் போய்விட்டது என்றார். அப்பா கடைசி ஆளைத்தான் நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து, என்னை ஏற்றிக்கொண்டு சில்வர் பீச் வரை போய்வந்தார். சத்தமே இல்லை என்றார். அப்பா தனியாக ஒரு சுற்று போய்வந்து, இருக்கிறது என்றார். மாமா மறுபடி என்னோடு போனார், இல்லை. அப்பா மறுபடி போனார், இருக்கிறது. இருவரும் ஒன்றாகப் போயிருக்கலாம். ஆனால் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார இருவருக்குமே மனமில்லை.

அப்பா முடிவாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்கட்டும். பிஸ்டன் போயிருந்தால் வண்டி சிதம்பரத்துக்கே திரும்பும். இந்த மார்கழித் தேருக்கு மாமா வீட்டு வாசலை யாரும் மிதிக்கப் போவதில்லை. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்குத் தேர்த் திருவிழா ராட்டினம் போயிற்றே என்றுதான் அழுகை வந்தது.

அந்த ஞாயிறும் வந்தது. மெக்கானிக் கடையில் அப்பா ஒரு மூலையிலும் மாமா ஒரு மூலையிலும் நின்றார்கள். மெக்கானிக் வண்டியைக் கிளப்பி ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினிலும் பிடியைத் தன் காதிலும் வைத்து டாக்டர் மாதிரிக் கேட்டார். சத்தம் வந்தது. உதட்டைப் பிதுக்கினார். ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வரும்போது எனக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. மாமாவோடு போனபோது கேட்டதில்லை. ஆக, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மாறியது ஒன்றுதான். அதைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம். டேங்கின் மேல் என்னை உட்கார வைக்கவே கூடாது என்பது அம்மாவின் சட்டம். மாமா தெருமுனை தாண்டியதும் என்னைத் தூக்கி முன்னால் வைத்துக்கொள்வார், திரும்பும்போது அதே முனையில் பின்னால் மாற்றிவிடுவார்.

"நா டேங்கு மேல ஒக்காந்தா சத்தம் வராது" என்றேன்.

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா டீக்கடையைப் பார்த்தார்.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி டேங்கின் மேல் வைத்து முறுக்கினார். சத்தம் இல்லை. இறக்கிவிட்டு முறுக்கினார். டொக்கு டொக்கு. மறுபடி ஏற்றினார். இல்லை. பக்கத்துக் கடைக்காரர்கள்கூட வந்து நின்றுவிட்டார்கள். அவ்வளவு பெருமையாக நான் அதற்குமுன் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

சீட்டை எடுத்து டேங்கைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், "டேங்க யாரு சார் கழட்டுனது? அடி ரப்பர் ஒண்ணக் காணம். டேங்கு ஆடி ஃப்ரேம்ல தட்டுது. எஞ்சின் கல்லு மாரி இருக்கு" என்றார்.

அப்பா என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி வைத்ததும் சத்தம் செத்துப்போனது. அப்பா மாமா பக்கம் திரும்பி, "தேரு என்னிக்கி மச்சான்?" என்று கேட்டார். காலையில்தான் காலண்டரில் பார்த்திருந்தார்.

"நீங்க வர்ற அன்னிக்கிதான் மாமா" என்றார் மாமா.

அப்பாவே என்னை டேங்கின் மேல் உட்கார வைத்து ஓட்ட, மாமா அவர் பின்னால் உட்கார்ந்து வர, மூன்று பேருமாக வீடு வந்தோம். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்ததும் அடி நிச்சயம் என்று இறங்கி ஓடப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்குவதைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பரண்மேல் இருந்த துணிப்பையை இறக்கித் தூசு தட்டினாள்.

தேருக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அம்மாவுக்கு நாள் கணக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.