முதுசத்தை விட்டுக்கொடுத்தவன்

என் அண்ணனைக் காணியோடு சேர்த்துக் கட்டிப்போட்டுக் கொன்றது நான்தான். ஷெல் அடித்தவனை எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டவனைத் தெரியும்.

நான் குடியேறிய ஒக்லாந்தில் என்னைப் பெரிய மனசுக்காரன் என்கிறார்கள். பரம்பரையாக வந்த யாழ்ப்பாணத்து முதுசக் காணியில் தன் பாதிப் பங்கை அண்ணனுக்கே எழுதிக்கொடுத்தவனாம் நான்! இங்குள்ள பாபடோயிட்டோயில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இதைச் சொல்லி எனக்கு இன்னொரு வடை வைக்கிறார்கள். நானும் தின்கிறேன்.

நான் இங்கே வரப் புறப்பட்ட நாளில், உறவுகள் கூடியிருக்க, அண்ணன் கேட்டார்: "போறவனுக்குக் காணி என்னத்துக்கு?" எல்லாரும் சிரித்தார்கள். ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய ஆறு வருடமும் அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அற்பம் என்கிறீர்களா? உங்களுக்கென்ன... உங்களைப் பார்த்தா சிரித்தார்கள்?

எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு அவருடைய கடிதம் வந்தது. "தம்பி, இஞ்சை இனி இருக்கேலாது. என்னையும் மச்சாளையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடு. காணியில உன்ர பங்கும் கிடக்குத்தானே, வீட்டைப் பூட்டிப்போட்டு வாறம்."

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். பங்குக் காணி என்றால், மற்றவனும் பொறுப்புத்தானே என்று விட்டுவிட்டு வருவார்கள். முழுக்காணியும் தன் பேருக்கு வந்தவன் வேலியை விட்டு அசையமாட்டான். பண்ணைப் பிரபுக்களின் காலத்தில் நிலத்தோடு ஆளையும் கட்டிப்போட்டார்களாம். எங்களுக்கு ஒரு காணி உறுதிப் பத்திரம் எழுதிக்கொடுத்தால் போதும்.

இங்கே த்ரீ கிங்ஸில் ஒரு லோயர் முன்னிலையில் கையெழுத்து வைத்தேன். என் உரிமை முழுவதையும் விடுகிறேன், அண்ணனே ஆண்டனுபவிக்கட்டும் என்று நன்கொடை உறுதி. ஸ்பொன்சரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. காணி உள்ளவன் இங்கே வருவது என்னத்துக்கு? மனசுக்குள் அதைச் சொல்லிக்கொண்டபோது எவ்வளவு இனித்தது...

அண்ணன் அழுது எழுதினார். "உன்னை நான் பிழையா நினைச்சிட்டன். இதை விட்டுட்டு இனி எங்கையும் போகமாட்டன்."

போகவில்லை. சண்டை ஊருக்குள் வந்தபோது எல்லாரும் கோயிலுக்கு ஓடினார்கள், அண்ணன் மனைவி, என் மச்சாளும் ஓடினார். அண்ணன் மட்டும் வீட்டில் நின்றார். ஷெல் வீட்டின் மேல் விழுந்தது.

வருந்துகிறேனா? சில நாட்களில் ஆம். சில நாட்களில், வேண்டும் உனக்கு என்று அவரிடம் சொல்கிறேன். செத்தவரோடு சண்டை பிடிக்கிற கேவலம் இது. நீங்கள் என்னை வெறுக்கலாம், ஆனால் மன்னிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

போன மாதம் மச்சாள் எழுதியிருந்தார். "தம்பி, நீங்கள் தந்த காணியெண்டுதான் அவர் நிண்டவர். எந்த நாளும் உங்களைப் பற்றித்தான் கதைக்கிறவர். எனக்கு இனி ஆருமில்லை. உங்களிட்டை வரலாமோ?"

ஸ்பொன்சர் படிவத்தை எடுத்துவந்து வைத்திருக்கிறேன். ஒரு கையெழுத்துத்தான்... ஆனால் வந்தால் அவர் என் வீட்டில், என் எதிரே உட்கார்ந்து, தினமும் என்னை நல்லவன் என்பார்.

நான் இன்னும் பதில் போடவில்லை.